முன்னவருக்கு வலிக்கிறது

என் வீட்டுக்காரருக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் நஸ்ரின் சொன்னதும், அவர் முதலில் செய்த காரியம் டாக்டருக்கு ஆறுதல் சொன்னதுதான்.

"பரவாயில்லீங்க டாக்டர். நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வேறு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அழுதிருப்பேன்.

பூபதி அப்படிப்பட்ட ஆள். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிக்காரர். கல்யாணமான நாளிலிருந்து வருஷத்தில் பாதி ஆந்திராவிலும் ஒடிசாவிலும் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். சாயங்காலமானால் போன் வரும். "சாப்ட்டியா புள்ள? நான் நல்லா இருக்கேன்." பேச்சு அவ்வளவுதான். ஒருமுறை இரும்புக் குழாய் விழுந்து கால் கட்டைவிரல் நசுங்கிய அன்றைக்கும் அதே "நல்லா இருக்கேன்"தான். ஊருக்கு வந்து சாக்ஸைக் கழற்றியபோதுதான் விரலில் நகமே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. இந்த நோயும் அப்படித்தான். மாதக்கணக்கில் காய்ச்சல் வந்து வந்து போயிருக்கிறது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். லேசாக இடித்துக்கொண்டாலும் உடம்பில் நீலம் பாரித்திருக்கிறது. மனுஷன் வாயைத் திறக்கவில்லை. முன்பே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, எனக்கு நோய் மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்த கோபம்தான் பெரிது.

"ரெண்டு மருந்து இருக்கு" என்றார் டாக்டர் நஸ்ரின். "முதல் மருந்து வேகமா வேலை செய்யும். முழுசா குணமாக வாய்ப்பு அதிகம். ஆனா சில பேருக்கு அது குடலையும் நுரையீரலையும் உள்ளேயே பொசுக்கிடும். ரெண்டாவது மருந்து மெதுவானது, எல்லாருக்கும் கேக்காது. யாருக்கு எது ஒத்துக்கும்னு அந்தக் காலத்துல போட்டுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவாங்க."

"இப்பங்க?"

"இப்ப இவருக்குப் போடறதுக்கு முன்னாடி, இவரோட முன்னவருக்குப் போட்டுப் பார்ப்போம்."

ஆஸ்பத்திரிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். வார்டில் எல்லோரும் முன்னவர் என்றுதான் சொன்னார்கள். நோயாளியின் ரத்தம், எலும்பு மஜ்ஜை, மூளைப் படம், தலையில் மாட்டிவிடும் ஒரு பட்டை பதிவு செய்த பேச்சு, பழக்கவழக்கம், எல்லாவற்றையும் சேர்த்துக் கணினிக்குள் அதே ஆளை எழுப்பிவிடுகிறார்கள். உள்ளே அவருக்கு ஓர் அறை உண்டு, கட்டில் உண்டு, ஜன்னல் உண்டு. மருந்து முதலில் அவருக்கு ஏறும். நமக்கு ஒரு நாள் என்றால் அவருக்கு ஒரு வாரம். அதனால் நமக்கு வரப்போவது அவருக்கு முன்கூட்டியே வந்துவிடும்.

"கணக்குப் போட்டுப் பார்த்தாப் பத்தாதுங்களா?" என்று கேட்டேன். "ஆளை வேற எதுக்குங்க எழுப்பறீங்க?"

"ரத்தத்துல என்ன நடக்கும்னு கணக்கு சொல்லிடும்மா. இந்த மருந்துல சிக்கல் என்னன்னா, ரெண்டு விதமான ஆளுங்களுக்கும் ரத்த ரிப்போர்ட் ஒரே மாதிரிதான் வரும். ஒருத்தருக்கு உள்ள வெந்துகிட்டிருக்கும், இன்னொருத்தருக்கு ஒண்ணுமே இருக்காது. வித்தியாசம் அவங்க சொல்ற வலியிலதான் தெரியும். வலியைச் சொல்ல மனுஷன் வேணும்."

"அவருக்குத் தெரியுங்களா, தான் முன்னவர்னு?"

"சொல்றதில்ல. சொன்னா பயத்துல பேச்சு மாறிடும். நீங்களும் மூச்சு விடக்கூடாது."

பூபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு பூபதியா? ஒருத்தனை வெச்சு நீ படற பாடு பத்தாதா?" என்று என்னைச் சீண்டிவிட்டு, சம்மதம் என்று திரையில் விரலைப் பதித்தார்.

அதற்கப்புறம் எனக்கு இரண்டு மாடியில் இரண்டு புருஷன். மூன்றாவது மாடியில் நிஜமானவர், மருந்துக்காகக் காத்துக்கொண்டு, தொற்று வந்துவிடக்கூடாது என்று கண்ணாடி அறைக்குள் படுத்திருந்தார். ஐந்தாவது மாடியில் கண்ணாடித் தடுப்பு வைத்த ஒரு சின்ன அறை. அங்கே சுவர் முழுக்கத் திரை. திரைக்குள் அதே முகம், அதே காது, சிரித்தால் ஒரு பக்கமாகக் கோணும் அதே வாய். நான் பேசும் நேரம் மட்டும் அவருடைய காலத்தை நம் காலத்தோடு ஓடவிடுவார்கள்.

முதல் நாள் பேயைப் பார்க்கப் போவது போலத்தான் உள்ளே போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்டியா? சாப்ட்டியா?"

பயம் போன இடம் தெரியவில்லை. "ஆச்சுங்க. உங்களுக்கு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கேன் புள்ள."

தினமும் போனேன். தினமும் நல்லா இருந்தார். அவர் கணக்கில் நான் வாரத்துக்கு ஒரு முறைதான் தலையைக் காட்டுகிறேன். அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. வெளி ஆட்களை அதிகம் விடமாட்டார்கள், தொற்று வந்துவிடும் என்று நாங்கள் சொல்லியிருந்த காரணத்தை அப்படியே வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் காலை டாக்டர் நஸ்ரின் சிரித்த முகத்தோடு என்னைத் தேடி வந்தார்.

"நல்ல செய்தி சுகன்யா. உங்க முன்னவர் அருமையா தாங்கறார். வாயில புண்ணு கூட இல்லேங்கறார். நாளைக்கே இவருக்கு முதல் மருந்தை ஆரம்பிச்சிடலாம்."

"வாயில புண்ணு இல்லேன்னு யாரு சொன்னாங்க டாக்டர்?"

"அவரேதான்."

"நீங்க அவரை அப்படியேதான எழுப்பியிருக்கீங்க? பேச்சு, குணம், எல்லாம் அப்படியே?"

"துளி மாறாம."

"அப்படீன்னா அவரு பொய் சொல்றாருங்க."

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். நான் கட்டைவிரல் கதையைச் சொன்னேன்.

"வீட்டுல மறைப்பார், சரி. டாக்டர்கிட்ட எதுக்கும்மா மறைக்கணும்?"

"டாக்டர்னா மரியாதைங்க. இத்தனை படிச்சவங்க பார்த்துப் பார்த்து மருந்து குடுக்கறாங்க, வலிக்குதுன்னு சொன்னா அவங்க மனசு சங்கடப்படுமேன்னு நினைப்பாரு. நீங்களே உள்ள பார்த்துக்க முடியாதுங்களா, வலிக்குதா இல்லையான்னு?"

"மூளையில அந்த இடம் துடிக்குது. ஆனா பயந்தாலும் அது துடிக்கும், கவலைப்பட்டாலும் துடிக்கும். நாங்க நோயாளி பேச்சைத்தான் நம்பறோம்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொன்னதில்ல. வலியைக் கூட்டிச் சொல்றவங்களைப் பார்த்திருக்கோம். ஆனா நாளைக்கு ஆரம்பிக்கலேன்னா நோய் முந்திக்கும். இன்னைக்குள்ள அவரை உண்மையைச் சொல்ல வைக்க முடியுமா உங்களால?"

யோசித்தேன். கெஞ்சிக் கேட்டால் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அழுதால் இன்னும் மோசம், எழுந்து நின்று தண்டால் எடுத்துக் காட்டினாலும் காட்டுவார். அவர் உள்ளதை உள்ளபடி கொட்டுவது ஒரே நேரத்தில்தான், என்னோடு சண்டை போடும்போது. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து யாரும் அவரோடு சண்டை போடவில்லை. நானே நர்ஸ் மாதிரி குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், நான் உள்ள போய்க் கத்துவேன். என்ன சத்தம் கேட்டாலும் யாரும் வந்து தடுக்கக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது மாடிக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் தீராத சண்டை ஒன்று உண்டு. புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றைக்கு இவர் வரவில்லை. அனந்தப்பூர் பக்கம் குழிக்குள் துளை போடும் ராடு மாட்டிக்கொண்டதாம். நான் ஒற்றையாக நின்று பால் காய்ச்சினேன். வந்த சொந்தமெல்லாம் பூபதி எங்கே, பூபதி எங்கே என்று கேட்டுக் கேட்டே என் உயிரை வாங்கினார்கள். ராடு மாட்டினால் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும் என்று அவர் இன்று வரை சாதிக்கிறார்.

"வந்துட்டியா? சாப்ட்டியா?"

"இப்பக் கேளுங்க. பால் காய்ச்சின அன்னைக்கு வந்து கேட்டிருக்கோணும், சாப்ட்டியான்னு."

அவர் விழித்தார். "இப்ப எதுக்குப் புள்ள அது?"

"உங்களுக்கு எப்பவுமே இப்ப எதுக்குதானுங்க. பொண்டாட்டியை விட ராடு பெருசு. ஊரே கூடியிருக்க என்னைய ஒத்தையில நிக்க வெச்சீங்கல்ல?"

"குழிக்குள்ள மாட்டிக்கிச்சுன்னு ஆயிரந்தடவை சொல்லியாச்சு."

"வேற யாரும் எடுக்க மாட்டாங்களா? வீட்டுக்கு வர உங்களுக்கு மனசில்ல. இப்பவும் பாருங்க, நான் அங்கயும் இங்கயும் நாயா அலையறேன், நீங்க ஏசியில மகராசனாட்டம் சொகமாப் படுத்துட்டு..."

"சொகமா?"

எங்கள் பக்கத்தில் பெண்கள் நாங்கள் சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவோம். அதனால் வெளியிலிருந்து கேட்பவர்களுக்குச் சண்டையின் சூடு தெரியாது. எனக்குத் தெரிந்தது. அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

"சொகமாங்கற? என்ர வாயைத் தொறந்து பாக்கறியா? நாக்குல தோலு உரிஞ்சு கெடக்குது. எச்சி முழுங்குனா முள்ளை முழுங்கறாப்பல இருக்குது. வயித்துக்குள்ள நெருப்பை அள்ளிப் போட்டுக் கிண்டறாங்க. மூச்சை இழுத்தா நெஞ்சுல குத்துது. தலகாணியைக் கடிச்சுட்டுக் கெடக்கறேன் புள்ள. சொகமாமா, சொகம்! வாரத்துக்கு ஒருக்கா மூஞ்சியைக் காட்டிட்டுப் போறவளுக்கு என்ன தெரியும்?"

"எப்ப இருந்துங்க?"

"ரெண்டாவது ஊசியில இருந்து."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் நஸ்ரின் வேகமாகக் குறித்துக்கொண்டிருந்தார். சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தலையணையில் சாய்ந்ததைப் பார்த்தபோது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வெளியே வந்ததும் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முதல் மருந்து வேண்டாம்னு எழுதிட்டேன். இதைப் போட்டிருந்தா உங்க வீட்டுக்காரர் மூணாவது ஊசியைத் தாண்டியிருக்க மாட்டார். காப்பாத்திட்டீங்க."

"அவரு?"

"யாரு?"

"உள்ள இருக்கறவருங்க."

டாக்டர் கையை விட்டார். "சோதனை முடிஞ்சா நிறுத்திடணும்மா, அதுதான் விதி. வெச்சிருந்தாலும் அவர் உடம்பு உள்ள அழிஞ்சுகிட்டேதான் இருக்கும். சாயங்காலம் நிறுத்திடுவோம்."

"நிறுத்தறப்ப வலிக்குங்களா?"

"தெரியாது. யாரும் சொன்னதில்ல."

"அதுவரைக்குமாவது வலியை மட்டும் எடுத்துவிட முடியுங்களா?"

"முடியும். ஒரு பொத்தானை அழுத்தினா போதும்."

நான் அவரையே பார்த்தேன். "அப்ப இத்தனை நாளா அழுத்தியிருக்கலாமுங்களா?"

டாக்டர் நஸ்ரின் நல்லவர். என் கண்ணைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அந்த வலிதான் எங்களுக்கு வேண்டியிருந்துச்சு சுகன்யா."

சண்டை போட்டபடியே அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கடைசியாக ஒரு முறை பேச வேண்டும் என்று கேட்டேன். பொத்தானை அழுத்திவிட்டு என்னை உள்ளே விட்டார்கள்.

அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வலி போயிருச்சு புள்ள. லைட்டை அமத்துனாப்பல, பொசுக்குன்னு."

"நல்லதாப் போச்சுங்க."

"நிறுத்தப் போறாங்களாக்கும்?"

"எதைங்க?"

"என்னையத்தான்." சொல்லிவிட்டு வாயைக் கோணிக்கொண்டு சிரித்தார்.

மெதுவாக, "உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லோணும்? இன்னொரு பூபதியை எழுப்பறதுக்கு விரலை வெச்சது எனக்கும் நெனப்பிருக்குதல்ல? நெசமான ஆஸ்பத்திரியா இருந்தா இந்தக் கட்டிலைச் சுத்தி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக் குமிஞ்சு கெடக்கும். உன்ர சித்தப்பா ஒருத்தரு போதாதா? உள்ள விடலீன்னாலும் கண்ணாடிக்கு அக்கட்டால நின்னு கையை ஆட்டிட்டுத்தான் போவாரு. இத்தனை வாரமாச்சு, ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. நாம அவ்வளவு கெட்டவங்களா புள்ள?"

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அழுகை வந்தது. சித்தப்பா மூன்றாவது மாடிக்கு இதுவரை நாலு முறை வந்துவிட்டார்.

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குங்க நல்லா இருக்கேன்னீங்க? உங்க பேச்சை நம்பி அவருக்கு ஊசி போட இருந்தாங்க."

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலிக்குதுன்னா நிறுத்திப்போடுவாங்க. நிறுத்துனா நீயி வரமாட்டியே. இன்னொருக்கா பார்த்துக்கலாம், இன்னொருக்கா பார்த்துக்கலாம்னு தள்ளிட்டே வந்தேன். அவனுக்கு ஊசி போடறதுக்குள்ள சொல்லிப்போடோணும்னுதான் இருந்தேன். அது எப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கத்துனதுல வாய் தவறிச் சொல்லிட்டீங்களா?"

"வாய் தவறியா? நீயி நெசமாக் கோவப்பட்டா எங்க கத்துவ? சோத்தை வெச்சுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிருவ. போன தடவை வந்து அந்தக் கத்து கத்துன. சரி, அவனுக்கு ஊசி போடற நேரம் வந்துருச்சு, இவ பயந்து போயிட்டான்னு தெரிஞ்சுது. அதுக்கு மேல மறைக்கறது பாவமில்லயா?"

நான் திரையில் அவர் கை இருந்த இடத்தில் என் கையை வைத்தேன். திரை சில்லென்று இருந்தது.

"ஆனா பால் காய்ச்சுன சண்டையில கொஞ்சம் நெசமும் இருந்துச்சு" என்றார்.

"இருந்துச்சுங்க."

"ராடை உட்டுட்டு வந்திருக்கோணும். என்ர தப்புதான். எண்ணூறடி போயும் தண்ணி வரல, வெறும் புழுதிதான் வந்துச்சு."

இத்தனை வருஷத்தில் இதை அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். கேட்டபோது அந்த ஆசை இருந்த இடம் தெரியவில்லை.

"எதுனாச்சும் பேசிட்டே இரு" என்றார்.

பேசினேன். மொட்டை மாடித் தொட்டி கசிவதை, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருப்பதை, சித்தப்பா வாங்கி வந்த ஆப்பிளில் பாதி அழுகல் என்பதை. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். குட்டிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது திரை வெறும் சுவராகிவிட்டது. சொல்ல வந்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மூன்றாவது மாடிக்கு வந்து முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். எங்கள் சொந்தத்தில் நோயாளியிடம் எதையும் சொல்கிற வழக்கம் கிடையாது. நல்லது கெட்டது எல்லாவற்றையும் சுற்றியிருப்பவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வார்கள். நான் அன்றைக்கு ஒன்று விடாமல் சொன்னேன். பூபதி இட்லித் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"தலகாணியைக் கடிச்சுட்டுக் கெடந்தானா?"

"ஆமாங்க."

தள்ளி வைத்த தட்டை அவர் அப்புறம் தொடவே இல்லை.

ராத்திரி டாக்டர் நஸ்ரின் வந்தார். இரண்டாவது மருந்தைப் பார்க்க இன்னொரு முன்னவரை உடனே எழுப்பி, காலத்தை இன்னும் வேகமாக ஓட்டி விடிவதற்குள் முடித்துவிடலாம், முதலில் இருந்து, பழைய நினைவு எதுவும் இருக்காது என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

"வேண்டாங்க டாக்டர்" என்றார் பூபதி. "எனக்கே போடுங்க."

"என்னங்க பேசறீங்க?" என்றேன்.

"இன்னொருத்தனை எழுப்பி வேதனைப்பட உட்டு அமத்தறதா? நானே பட்டுக்கறேன்."

"எனக்குப் பத்துப் பேரை எழுப்பினாலும் சரிதானுங்க. நீங்க பொழைக்கோணும்." மனதில் இருந்ததைத்தான் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"அந்தப் பத்துப் பேரும் நாந்தான் புள்ள."

டாக்டர் குறுக்கிட்டார். "ரெண்டாவது மருந்து அவ்வளவு மோசமில்ல. ஆனா அளவு முக்கியம். கூடினா ஈரல் போயிடும், குறைஞ்சா நோய் நிக்காது. முன்னவர் இல்லேன்னா, நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் கூட்டணும், குறைக்கணும். நீங்க சொல்றது மட்டும்தான் எனக்குக் கண்ணு. புரியுதா?"

"புரியுதுங்க."

எனக்கு அதில்தான் பயம். அந்தக் கண்ணை நம்பி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை மருந்தை ஏற்றினார்கள். மஞ்சள் நிறம். சொட்டுச் சொட்டாக இறங்கியது. டாக்டர் பக்கத்திலேயே நின்றார். நான் பூபதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் வேர்வை பூத்தது. தாடை இறுகியது.

"எப்படி இருக்கு பூபதி?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"எரியுதுங்க டாக்டர்" என்றார். "முழங்கையில புடிச்சுத் தோளு வரைக்கும் எரியுது. தாங்க முடியல."

டாக்டர் சொட்டைக் குறைத்தார். "இப்ப?"

"இப்பவும் எரியுதுங்க."

இன்னும் குறைத்தார்.

பூபதி இன்னொரு கையை என்னிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். நெரித்துவிடுவது போல இறுக்கினார். வலிக்கிறது என்று என் புருஷன் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.